மாதிரி பேசக் கூடாது

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். செய்முறைத் தேர்வுக்கான மாதிரி விவரச் சீட்டில் ‘கணவர்’ என்ற கட்டத்தில் குறுக்குக்கோடு போடாமல் காலியாக விட்டுவிட்டேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் கோடு போடத் தோன்றவில்லை. நாளை கல்லூரி அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். பெரிய விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன். (அப்படி நினைப்பது இரண்டாவது தவறாகவும் இருக்கலாம்.)

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அடிக்குறிப்பு நாட்குறிப்பை மூடினான்.

அடிக்குறிப்பு என்பது மாலைநேரக் கல்லூரியில் அவனுக்குக் கிடைத்த பெயர். எதைச் சொன்னாலும், சொன்ன கையோடு “ஆனா ஒண்ணு...” என்று இழுத்து, சொன்னதற்கு அடியில் இன்னொன்றைச் சேர்ப்பான். பகலில் குடிநீர் வாரிய அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். பட்டம் வாங்கிவிட்டால் நிரந்தரம். பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு தாள்தான் பாக்கி: ‘பெண்ணிய நோக்கில் இலக்கியம்’. அதிலும் எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு.

இலக்கியத்துக்கு எங்கேயாவது செய்முறைத் தேர்வு உண்டா என்று கேட்கலாம். அந்தக் கல்லூரியில் உண்டு. அது முன்பு தொழிற்பயிற்சிக் கூடமாக இருந்தது. செய்முறை இல்லாத பாடத்துக்குச் சான்றிதழ் தரக் கூடாது என்று அப்போது ஒரு விதி எழுதினார்கள். கூடம் கல்லூரியாக மாறியது, பெயர்ப்பலகை மாறியது, கழிப்பறைக் கதவுகூட மாறியது. விதி மட்டும் மாறவில்லை. அதனால் வரலாறு படிப்பவர்கள் ஒரு போரை நடத்திக் காட்ட வேண்டும். தத்துவம் படிப்பவர்கள் ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டுக் காட்ட வேண்டும்.

பெண்ணியத் தாளை முதலில் நடத்தியவர் ஓர் இளம் பெண் விரிவுரையாளர். மணிக்கணக்குச் சம்பளக்காரர். முதல் வாரத்தில் ஒரு சிறுகதையைக் கொண்டுவந்தார். நண்பகலில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறாள், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள், இறங்கி வந்து கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் கதை.

“ஏன் மேல போனா?” என்றார் விரிவுரையாளர்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயில், சண்டை, கடன், காதல், தலைவலி.

“கதையில இதெல்லாம் எங்க இருக்கு? அவ சொல்லாம விட்ட இடத்துல நீங்க எதைக் கொண்டுபோய் வைக்கிறீங்கன்னு பாருங்க. ஒரு ஆம்பளை மாடிக்குப் போயிருந்தா இத்தனை காரணம் தேடியிருப்பீங்களா?”

வகுப்பு கொதித்தது. காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று அடிக்குறிப்பு ஒருமுறைகூட “ஆனா ஒண்ணு” சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் விரிவுரையாளரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கொதிப்பு துறைத்தலைவரின் காதுக்கு எட்டியது. அவர் வேதியியல் பேராசிரியர். வேதியியலுக்கு மாணவர்கள் சேராமல் போனதால், ஆய்வகத்தோடு சேர்த்து அவரையும் இலக்கியத் துறைக்கு மாற்றியிருந்தார்கள். மறுவாரமே வகுப்புக்கு வந்து ஓர் உரை நிகழ்த்தினார்.

“மாணவச் செல்வங்களே! பெண்ணியம் இதுவரை பெண்களின் கையிலேயே இருந்துவிட்டது. அதனால்தான் அது ஒரு முடிவுக்கு வராமல் கிடக்கிறது. எடுத்ததற்கெல்லாம் கேள்வி. கேள்விக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஒரு உப்பைக் கொடுத்தால் அது என்ன உப்பு என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுகிறோம். ஒரு பெண்ணைக் கொடுத்தால் மட்டும் ஏன் சொல்ல முடியவில்லை? முறை இல்லை! இன்று முதல் முறை வந்துவிட்டது. நான் பெண்களை மிகவும் மதிப்பவன். என் வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், என் மனைவி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.”

கைதட்டல் ஓய்ந்ததும் கையேடு வழங்கப்பட்டது. விரிவுரையாளருக்கு ஆய்வக அனுபவம் இல்லாததால், மாதிரிகளுக்கு எண் குத்தும் பொறுப்பு அவருக்கு ஒதுக்கப்பட்டது.

கையேடு எளிமையானது. ஒவ்வொரு மாணவரும் ஒரு பெண் மாதிரியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கதைகளில் வரும் பெண்கள் காகிதத்தில் இருப்பதால் சோதனைக்கு ஒத்துழைப்பதில்லை. ஆகவே மாதிரி உயிருள்ளதாக இருத்தல் நலம். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், செய்முறை, காண்பன, அறிவன, முடிவு என்று வரிசையாக எழுத வேண்டும். முதற்கட்டச் சோதனையில் தோற்றம், குரல், கைகளின் நிலை. பிறகு நீக்கல் முறை. அடக்குமுறைக் காரணிகள் ஆறு: தந்தை, கணவன், மாமியார், நாத்தனார், மகன், சமூகம். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் எது மிஞ்சுகிறதோ அதுவே முடிவு. எதுவும் அகப்படாவிட்டால் சமூகம் என்று எழுதலாம். ஆனால் சமூகத்துக்குப் பாதி மதிப்பெண்தான், தேர்ச்சி கிடையாது.

பட்டியலில் சகோதரன் இல்லை. பட்டியலைத் தயாரித்த குழுவில் இருந்த அத்தனை பேரும் அக்கா தங்கைகளோடு பிறந்தவர்கள்.

அடிக்குறிப்புக்கு வேறு மாதிரி கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஆள் உயர அட்டைப்பெட்டிகளைக் கூரை வரை தூக்கி, ஓர் அங்குலம் பிசகாமல் அடுக்கில் செருகுவாள். அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவள் அவள். இரண்டு அறை வீட்டுக்கு வாடகை கொடுப்பவளும் அவள்தான்.

அவளுடைய நிறுவனம் வேறொரு ஊரில் புதுக் கிடங்கு திறக்கிறது. ஏற்றுமதிப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக வருகிறாயா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“என்னக்கா செய்யப் போறே?” என்று அவன் கேட்கவில்லை. கேட்கவே பயமாக இருந்தது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “நீ ஒரு வழியா பாஸ் பண்ணி நிக்கிறதைப் பார்த்துட்டா நிம்மதி” என்று எப்போதோ சொன்னதை வைத்து அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். அவன் தேறினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அக்கா போகலாம். தேறாவிட்டால் அக்கா இங்கேயே இருந்து அவனுக்கு வாடகை கட்ட வேண்டும். தேர்வு பத்தொன்பதாம் தேதி. ஒரு மனுஷியின் வாழ்க்கை ஒரு ரெக்கார்டு நோட்டில் தொங்குகிறது என்று அவன் முடிவுகட்டினான்.

அதனால் மிகுந்த கவனத்தோடு காண்பன எழுதினான். அக்கா அடுப்படியில் நிற்கும்போது வாசற்படியில் நின்று எழுதினான். துணி துவைக்கும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று எழுதினான்.

“என்னடா, மீட்டர் ரீடிங் எடுக்கிற மாதிரி எடுத்துட்டு இருக்கே?”

“ஒண்ணுமில்லக்கா, நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. இயல்பா இருக்கணும்.”

“இயல்பா இருக்கணும்னா அந்த வாளியைத் தூக்கிக் கொண்டுபோய் வை.”

“மாதிரிக்கு உதவக் கூடாதுக்கா. முடிவு மாறிடும்.”

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். ‘வாளியைத் தூக்கினாள்’ என்று அவன் எழுதிக்கொண்டான்.

நாட்குறிப்பு எழுதிய மறுநாள் விவரச் சீட்டைத் திருத்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காலியா இருக்கு.”

“ஆமா சார், கோடு போட மறந்துட்டேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகலை.”

“கோடு போட்டா இல்லைன்னு அர்த்தம். காலியா விட்டா, இருக்காரு, விவரம் பின்னாடி வரும்னு அர்த்தம். மேல ஏத்தியாச்சு.”

“ஆனா அவர் இல்லவே இல்லையே சார்.”

“அப்படின்னா இல்லைங்கறதுக்கு ஏதாவது கொண்டா. இறந்திருந்தா இறப்புச் சான்றிதழ். பிரிஞ்சிருந்தா கோர்ட் உத்தரவு.”

“கல்யாணமே ஆகாதவருக்கு எங்கே சார் போறது?”

குமாஸ்தா யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. உதவத்தான் நினைத்தார். “உங்க அக்காவுக்கு என்ன வயசு? பத்தொன்பதாம் தேதிக்குள்ள ஏதாவது அமையுமான்னு பாருப்பா.”

தேர்வு நாள் வந்தது. அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிடங்கின் சாம்பல் நிறச் சீருடையோடே வந்திருந்தாள். ஆய்வகத்தில் அமிலக் கறை படிந்த மேசைகளுக்கு முன்னால் உயரமான ஸ்டூல்கள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவனின் அம்மா, இன்னொருவனின் மனைவி, ஒரு மாணவியின் அத்தை என்று மாதிரிகள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் பேச்சு நின்றது. சுவரில் ஒட்டியிருந்த பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது: மாதிரி பேசக் கூடாது. பேசினால் முடிவு கலங்கும்.

விரிவுரையாளர் ஒவ்வொரு மாதிரியாக எண் குத்திக்கொண்டு வந்தார். அக்காவின் தோளில் ‘7’ என்ற சீட்டைக் குத்தும்போது அவர் தலை நிமிரவில்லை.

“மன்னிச்சுக்கோங்கக்கா.”

“பரவால்லம்மா. எங்க கிடங்குலயும் இப்படித்தான் ஒட்டுவோம். எந்தப் பக்கம் மேலேன்னு ஒரு அம்புக்குறியும் போட்டுடு” என்றாள் அக்கா மெதுவாக.

விரிவுரையாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துறைத்தலைவர் திரும்பிப் பார்த்ததும் அது காணாமல் போனது.

வெளித்தேர்வாளர் ஒரு பெண்மணி. இஸ்திரி போட்ட குரல். அதுவரை தாவரவியல் செய்முறைத் தேர்வுகளை நடத்திவந்தவர். “என் அனுபவத்துல ஒரு மாதிரிகூட என் முன்னாடி வாயைத் திறந்ததில்லை” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

முதல் ஆறு மாணவர்களும் சிக்கலில்லாமல் முடித்தார்கள். கணவன், கணவன், மாமியார், கணவன், தந்தை, கணவன். ஒரு மாதிரிக்குக் கண் கலங்கியது. கண்ணீர் கூடுதல் மதிப்பெண் என்பதால் அந்த மாணவன் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டான்.

“ஏழு!”

அடிக்குறிப்பு நோட்டைக் கொண்டுபோய் வைத்தான். வெளித்தேர்வாளர் விவரச் சீட்டைப் புரட்டினார்.

“கணவர் விவரம் பின்னர்னு இருக்கு. எங்கே?”

“மேடம், அது ஒரு சின்னத் தவறு. அவர்...”

“தவறிட்டாரா?”

“இல்லை மேடம். இல்லவே இல்லை.”

துறைத்தலைவர் குறுக்கிட்டார். “மாதிரி முழுமையா இல்லைன்னா தேர்வு ரத்து. இந்தத் தாளுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான்.”

அடுத்த வருஷம் என்ற சொல் அடிக்குறிப்பின் காதில் அடைத்துக்கொண்டது. நாளைக்கு இருபதாம் தேதி. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று படிக்கத் தெரியவில்லை. அதைப் படிக்கக் கையேட்டில் பக்கம் இல்லை.

அப்போது ஆய்வக உதவியாளர் அவன் காதோரம் வந்தார். வேதியியல் காலத்திலிருந்தே, தேர்வுக்கு வந்த உப்பின் பெயரை மாணவர்களுக்குக் கிசுகிசுத்துப் பழகியவர்.

“பயப்படாதே தம்பி. ஒரு கணவர் இருக்காரு. ஏற்பாடு பண்றேன்.”

பக்கத்து அறையில் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியனை அவர் கையோடு இழுத்துவந்தார்.

“அண்ணே, ஒரு பத்து நிமிஷம் இந்த அக்காவுக்குக் கணவரா உட்காரணும்.”

“ஏம்பா, எனக்கு வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு.”

“இது சும்மா உட்கார்றதுதான்.”

“சும்மா உட்கார்றதுன்னா சரி. வீட்டுலயும் அதைத்தான் செய்யறேன்” என்று எலெக்ட்ரீஷியன் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

துறைத்தலைவருக்குத் திருப்தி. “பாருங்கள், முறை என்று ஒன்று இருந்தால் எந்தக் குறையும் நிவர்த்தியாகிவிடும்.”

நீக்கல் முறை தொடங்கியது. தந்தை: காலமாகிவிட்டார், நீக்கப்பட்டது. மாமியார், நாத்தனார்: எலெக்ட்ரீஷியன் தன் அம்மாவும் தங்கையும் நல்லவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், நீக்கப்பட்டது. மகன்: இல்லை. சமூகத்தைத் தவிர மிஞ்சியது கணவன். அதற்கு உறுதிச் சோதனை செய்தாக வேண்டும்.

“கையேடு, உறுதிச் சோதனை, முதல் பத்தி. காரணியானவர் மாதிரியை நோக்கி ‘சாப்பாடு ரெடியா?’ என்று கேட்க வேண்டும். மாதிரியின் முகம் சுருங்கினாலோ, தோள் தளர்ந்தாலோ, பெருமூச்சு வந்தாலோ முடிவு உறுதி. ம், கேளுங்க” என்றார் வெளித்தேர்வாளர்.

எலெக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார். “சாப்பாடு... ரெடிங்களா?”

“‘ங்களா’ போடாதீங்க. கணவரா கேளுங்க.”

“அப்படிக் கேட்டா எங்க வீட்டுல தட்டு பறக்கும் மேடம்.”

அக்கா சிரித்துவிட்டாள். சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனாலும் தோள்கள் குலுங்கின. வெளித்தேர்வாளர் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். மாதிரி சிரித்தால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை.

“காரணி சரியா வேலை செய்யலை. ஏழாம் எண், நீயே கேளு. கணவர் கேட்கிற மாதிரிக் கேளு.”

அடிக்குறிப்பு அக்காவுக்கு முன்னால் போய் நின்றான். கணவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான் இருந்தது. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, உள்ளே பார்க்காமல் கேட்கிற குரல்.

“சாப்பாடு ரெடியா?”

அக்கா எழுந்தாள்.

முழுதாக எழவில்லை. ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது, ஒரு கை கூந்தலை முடிய மேலே போயிருந்தது. பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து, அப்படியே நின்று, மெல்லத் திரும்பவும் உட்கார்ந்தாள். ஆய்வகத்தில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“அருமை!” துறைத்தலைவர் மேசையைத் தட்டினார். “இவ்வளவு தெளிவான விளைவை நான் உப்பில்கூடப் பார்த்ததில்லை. எழுதப்பா, எழுது.”

ஆய்வக உதவியாளர் அவனைக் கடந்து போகிற சாக்கில் கிசுகிசுத்தார். “கணவன். கணவன்னு போட்டுட்டுப் போயிட்டே இரு.”

அடிக்குறிப்பு ‘முடிவு’ என்று எழுதி, அடியில் கோடு கிழித்தான். பேனா அங்கேயே நின்றது.

கேட்டது அவன். எழுந்தது அக்கா. நடுவில் கணவன் எங்கிருந்து வந்தான்? எலெக்ட்ரீஷியன் கேட்டபோது அவள் சிரித்தாள். நீக்கல் முறைப்படி பார்த்தால் அந்த வீட்டில் மிஞ்சுவது ஒரே ஒரு ஆள்தான். அதுவரை வாசற்படியிலும் ஜன்னலோரத்திலும் நின்று எழுதிய காண்பன எல்லாவற்றிலும் அந்த ஆள் இருந்தான். வாளிக்குப் பக்கத்தில் இருந்தான். பேனாவோடு இருந்தான்.

அதை எழுதினால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லையென்றால் அக்கா போக முடியாது. பொய்யை எழுதினால் அவளுக்கு வழி திறக்கும். உண்மையை எழுதினால் அந்த உண்மையே அவளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு அடியில் இன்னொரு சந்தேகம் கிளம்பியது. அக்கா போகாமல் இருந்தால் யாருக்கு வசதி? உண்மையை எழுத வேண்டும் என்று இப்போது கை துடிக்கிறதே, அது உண்மைக்காகவா, நாளைக்கும் சாப்பாடு ரெடியாக இருக்க வேண்டும் என்பதற்காகவா?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உறுதிச் சோதனை எதுவும் இல்லை.

“நேரம் ஆகுது” என்றார் வெளித்தேர்வாளர்.

அவன் எழுதினான்: தம்பி.

வெளித்தேர்வாளர் நோட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். “தம்பியா? யாரு அது?”

“நான்தான் மேடம்.”

“நீ மாணவன்.”

“தம்பியும்தான் மேடம்.”

“சோதனைக் குழாய் தன்னைத்தானே சோதிச்சுக்குமா? பட்டியல்ல தம்பின்னு எங்கே இருக்கு, காட்டு.”

“இல்லை மேடம். ஆனா ஒண்ணு...”

துறைத்தலைவர் எழுந்தேவிட்டார். அவர் குரலில் கோபத்தை விட வருத்தம் அதிகம் இருந்தது. “தம்பி, உணர்ச்சிவசப்படாதே. அடக்குமுறை என்பது எப்போதும் வேறொரு வீட்டில் இருப்பது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கல்வி. நாமே அதற்குள் இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லக் கிளம்பினால், பிறகு யார் தேர்வு நடத்துவது? யார் மதிப்பெண் போடுவது? இந்தத் துறையே இயங்காதே! நான் இந்தப் பாடத்துக்கு எவ்வளவு உழைத்திருக்கிறேன் தெரியுமா? மூன்று மாதமாக வீட்டுக்கு நேரத்துக்குப் போனதில்லை. போகும்போது சோறு ஆறியிருக்கும். மறுபடி சூடு பண்ணச் சொல்லி எழுப்ப வேண்டியிருக்கிறது.”

அக்கா கையை உயர்த்தினாள்.

“மாதிரி கையை இறக்கவும்” என்றார் வெளித்தேர்வாளர், திரும்பிப் பார்க்காமலே.

அக்கா இறக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் அவளுக்காக, “மேடம், அவங்க ஏதோ சொல்லணும்கிறாங்க” என்றார்.

“அப்போ நோட்டுல குறிச்சுக்கோங்க. மாதிரியின் கை உயர்ந்தது. காரணம் தெரியவில்லை.”

விரிவுரையாளர் எண் சீட்டு டப்பாவோடு சுவரோரம் நின்றிருந்தார். “கேட்டா தெரிஞ்சிடும் மேடம்” என்றார். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. துறைத்தலைவர் அவரைப் பார்த்து, எண் குத்தும் பணிக்கும் இனி அனுபவமுள்ள ஆளைத்தான் போட வேண்டும் என்று உதவியாளரிடம் சொன்னார்.

வெளித்தேர்வாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். “கடைசியா கேட்கிறேன். கணவன்னு திருத்திக்கிறியா?”

அடிக்குறிப்பு அக்காவின் உயர்ந்த கையைப் பார்த்தான். என்ன சொல்ல வருகிறாள்? திருத்திக்கொள் என்றா, திருத்தாதே என்றா? இத்தனை நாள் அவளைப் பார்த்துப் பார்த்து எழுதியும் அவனால் ஊகிக்க முடியவில்லை.

“இல்லை மேடம்.”

சிவப்பு மை பக்கத்தின் குறுக்கே போனது. முடிவு தவறு. தேர்ச்சி இல்லை. எலெக்ட்ரீஷியன் ஸ்டூலிலிருந்து இறங்கி, “நான் போலாங்களா? இல்ல, விவாகரத்து ஏதாவது வாங்கணுமா?” என்று கேட்டுவிட்டு மின்விசிறியிடம் போனார்.

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிறுத்தத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா தோளிலிருந்த சீட்டைக் கழற்றி, குண்டூசியைச் சீருடையின் உள்மடிப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடு. என்னால உனக்கு...”

“எனக்கு என்ன?”

“நாளைக்கு நீ பதில் சொல்லணுமே. நான் பெயிலாயிட்டேனே. நீ எப்படிப் போவே?”

அக்கா அவனை நிதானமாகப் பார்த்தாள். “நான் திங்கக்கிழமையே போறேன்னு சொல்லிட்டேன்டா.”

ஒரு பேருந்து வந்து நின்று, அவர்களுடையது இல்லாததால் போயிற்று.

“திங்கக்கிழமையா?”

“ஆமா. மாசக் கடைசியில கிளம்பணும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீ கேட்டாத்தானே? என் பின்னாடியே நோட்டைத் தூக்கிட்டு அலைஞ்சே. நான் இருமினா எழுதினே, தும்மினா எழுதினே. ‘போறியாக்கா, இருக்கியாக்கா’ன்னு ஒரு வார்த்தை கேட்டியா? சரி, பரீட்சை நேரத்துல சொன்னா நீ குழம்பிடுவேன்னு நானும் விட்டுட்டேன். அங்க உன் முகத்தைப் பார்த்ததும்தான், இவன் என்னமோ என் தலையெழுத்தையே எழுதப் போற மாதிரி உட்கார்ந்திருக்கானே, சொல்லிடலாம்னு கையைத் தூக்கினேன். அந்தம்மா எங்க விட்டாங்க?”

அவன் தேறியிருந்தாலும் அவள் போவாள், தேறாவிட்டாலும் போவாள். வேர்த்து விறுவிறுத்து அவன் போட்ட அத்தனை கணக்கிலும் அவள் இல்லவே இல்லை.

“அப்போ நான் எழுதினது தப்பாக்கா?”

“அது தப்பில்ல.” அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீ கேட்டதும் எழுந்துட்டேன் பாரு, எனக்கே அசிங்கமாப் போச்சு. ஃபோர்க்லிஃப்ட்ல உட்கார்ந்தா மேனேஜர் கத்தினாக்கூட நான் இறங்க மாட்டேன்.” அவன் பக்கம் திரும்பி, “ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. பெயிலானா நான் போகமாட்டேன்னு நினைச்சுத்தான் அதை எழுதினியா?” என்றாள்.

அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

“தெரியலக்கா.”

அக்கா தலையை ஆட்டினாள். அந்தப் பதில் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. அவர்களுடைய பேருந்து வந்தது. அவள் முதலில் ஏறி, உள்ளே காலியாக இருந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி. செய்முறைத் தேர்வில் தேறவில்லை. வேலை இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம்தான். அக்கா மாசக் கடைசியில் போகிறாள். வாடகைக்கு யாரையாவது கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது சின்ன இடமாகப் பார்க்க வேண்டும். நாளை: பரணில் இருக்கும் பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைக்க வேண்டும். இறக்குவதற்கு முன், அந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோகிறாளா என்று கேட்க வேண்டும்.